எண்ணெய் வைக்காத தலை ஒன்று தேவை

பாதியில் படிப்பை விட்டவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நிறையப் படித்தவர் 'எனக்குத் தெரியாது' என்று கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவரும் சொல்லிவிடுவார். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன என்னைப் போன்ற ஆள்தான் சொல்லமாட்டான். அதுவும் பெற்ற பிள்ளை எதிரே உட்கார்ந்து "ஏம்ப்பா அப்படி?" என்று கேட்டுவிட்டால் போதும். தெரிந்ததில் நாலு, தெரியாததில் நாற்பது என்று சேர்த்து ஒரு மணி நேரம் பேசுவான்.

பிள்ளைகளே, உங்களுக்கு நிலைமின்சாரத்தைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி, ஒரு புதன்கிழமை காலையில் பட்ட அவமானத்தில் கற்றுக்கொண்டது. பாடத்தை மட்டும் எழுதி அவமானத்தை மறைத்தால் அது பொய்க் கணக்கு. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரை செல்லூரில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் எனக்கு வேலை. அதுவரை பருத்தி நூல் மட்டும் ஓடிக்கொண்டிருந்த தறிகளில் டெரிலின் என்ற பாலியஸ்டர் நூலும் வர ஆரம்பித்திருந்தது. பருத்தி நூல் சாது. டெரிலின் அப்படியில்லை. மாசி மாதத்துக் காய்ந்த காற்றில் இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விறைத்து நிற்கும். கையைக் கிட்டே கொண்டுபோனால் முன்கை மயிரெல்லாம் எழுந்து நிற்கும். எங்கள் மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் தெளிப்பார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

"உரசுறதுல ஒரு கரண்டு வருதுப்பா. ஈரத்தைக் கண்டா ஓடிப்போயிரும்" என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான் அவர் சொன்னது. அதை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு மணி நேரமாக்கினேன்.

கேட்டவள் என் மகள் வசந்தி. அப்போது ஏழாம் வகுப்பு. வீட்டில் ஆயிரம் கேள்வி கேட்பாள். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கமாட்டாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்வதுகூட முதல் பெஞ்சைத் தாண்டாது என்று டீச்சர் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அவளுக்கு ஏதாவது ஒன்றில் தைரியம் வந்துவிடாதா என்பதுதான் அப்போது எனக்கும் என் மனைவி பஞ்சவர்ணத்துக்கும் இருந்த ஒரே கவலை.

எனக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அன்று சாயங்காலம் அவள் பள்ளி விட்டு வந்ததும் அப்பனும் மகளும் வீட்டுக்குள் மின்சார வேட்டைக்குக் கிளம்புவோம். அவள் தலையில் சீப்பை நாலு தடவை இழுத்துக் காகிதத் துணுக்குகளுக்கு மேலே காட்டுவேன். துணுக்குகள் துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காய்ந்த நைலக்ஸ் சேலையைப் பிரித்தால் சடசடவென்று சத்தம் கேட்கும். பலூனைச் சட்டையில் தேய்த்துச் சுவரில் வைத்தால் பல்லி மாதிரி அங்கேயே நிற்கும்.

(இரண்டு பொருள்கள் உரசும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத மின்துகள்கள் கொஞ்சம் தாவிவிடுகின்றன. கம்பி வழியாக ஓடும் கரண்டு மாதிரி ஓடாமல், தாவிய இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால்தான் இதற்கு நிலைமின்சாரம் என்று பெயர். இதைப் பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். அன்றைக்கு நான் அவளுக்குச் சொன்ன விளக்கம் வேறு. அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.)

"எதையும் சும்மா பாக்கக் கூடாது. கவனிச்சுப் பாக்கணும்" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளிடம் சொல்வேன். பெரிய விஞ்ஞானி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சொல்வேன்.

அந்த வருடம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி அறிவித்தார்கள். நன்றாக இருக்கும் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண்காட்சிக்கு அனுப்புவார்களாம். யார் யார் கலந்துகொள்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டபோது வசந்தி கை தூக்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்னபோது பஞ்சவர்ணம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"நெசமாவா? நீயா?"

"நான்தாம்மா. மொச்சைக் கொட்டை முளைக்கிறத வைக்கப் போறேன்."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"மொச்சை முளைக்கிறது யாருக்குத்தா தெரியாது? நிலைமின்சாரம் வையி. சீப்பு, காகிதம், அம்புட்டுதான். பாக்குறவுகெல்லாம் வாயப் பொளந்துருவாக."

அவள் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த மொச்சையை எடுத்து ஓரமாக வைத்தாள். "கண்டிப்பா நடக்கும்லப்பா? டீச்சர்ட்ட சொல்லிருவேன்" என்றாள்.

"அப்பா இருக்கேன்ல?" என்றேன். சிம்மக்கல்லில் போய்ப் பெரிய கறுப்புச் சீப்பு ஒன்றும் வாங்கி வந்தேன்.

கண்காட்சி ஒரு புதன்கிழமை. கொட்டகையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கஞ்சி போட்ட கதர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் வசந்தி நின்றாள். தலையில் எண்ணெய் மினுமினுக்க, இரட்டைச் சடை, அதில் சிவப்பு ரிப்பன். நெற்றியோரம் ஒரு சொட்டு வழிந்துகொண்டிருந்தது.

"இம்புட்டு எண்ணெயா?" என்று நான் கேட்டேனா? இல்லை. "லட்சணமா இருக்கடா" என்றேன்.

பஞ்சவர்ணம் பெருமையாகச் சொன்னாள்: "பெரிய ஆபீசரு வாராகளாம்ல. புள்ள பறட்டைத் தலையோட நின்னா ஆத்தா இல்லாத புள்ளன்னு நெனைச்சுக்குவாக. அரைக் கிண்ணம் எண்ணெய் வச்சிருக்கேன்."

கவனித்துப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

பள்ளியின் நீண்ட கூடத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எங்கள் மேசைக்கு அடுத்த மேசை சேகர் என்ற பையனுடையது. உணவுச் சங்கிலி என்று பெரிய அட்டையில் படம் வரைந்து நிற்க வைத்திருந்தான். கீழே புல், அதற்கு மேல் ஆடு, அதற்கு மேல் புலி. உண்மையான புல்லையே பிடுங்கி வந்து கஞ்சிப் பசையால் ஒட்டியிருந்தான். நல்ல உழைப்பு. எங்கள் மேசையில் ஒரு தட்டு, அதில் காகிதத் துணுக்குகள், ஒரு சீப்பு. அந்த அட்டைக்குப் பக்கத்தில் பார்க்க எங்கள் மேசை முடிதிருத்தும் கடை மாதிரி இருந்தது.

வசந்தியின் வகுப்பு ஜெயமேரி டீச்சர் வந்தார். "கல்வி அதிகாரி பத்தரைக்கு வர்றார். அதுக்கு முன்னாடி ஒரு தடவ செஞ்சு காட்டு வசந்தி. பேசித்தான் காட்டணும், சரியா?"

வசந்தி தலையில் சீப்பை இழுத்தாள். துணுக்குகளுக்கு மேலே காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தாள். துணுக்குகள் தட்டில் நிம்மதியாகப் படுத்துக் கிடந்தன.

"இன்னுங் கொஞ்சம் கீழ கொண்டு போத்தா" என்றேன். கொண்டுபோனாள். சீப்பு காகிதத்தில் பட்டது. நாலு துணுக்கு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது.

"பாத்தீகளா டீச்சர்! ஒட்டிக்கிருச்சு!" என்று கை தட்டினேன்.

சேகர் எட்டிப் பார்த்தான். "அது எண்ணெயில ஒட்டியிருக்குங்க."

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். வடை சுற்றி வந்த காகிதம் மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது.

டீச்சர் மெதுவாக, "இது நடக்கலன்னா பரவாயில்லைங்க. இந்த மேசைய எட்டாம் வகுப்புக்குக் குடுத்துருவோம். அவங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். வசந்தி சீப்பை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது: இந்தக் கை இனிமேல் எந்த வகுப்பிலும் தூக்கப்படாது. மொச்சையை ஓரமாக வைக்கச் சொன்னது நான்.

"பத்தே நிமிசம் டீச்சர். தலைதான் பிரச்சினை. வேற தலை கொண்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பிள்ளைகளே, மதுரையில் அந்தக் காலத்தில் எண்ணெய் வைக்காத தலை ஒன்றைக் காலை பத்து மணிக்குத் தேடிப் பாருங்கள். கூடத்தில் நூறு பிள்ளைகள் இருந்தார்கள். நூறு தலையும் பளபளத்தன. எல்லா அம்மாக்களும் பஞ்சவர்ணம்தான். என் தலையைத் தொட்டுப் பார்த்தேன், விரல் வழுக்கியது. டிராயிங் மாஸ்டர் ஒருவர் எதிரே வந்தார். அவருக்கு மொத்தமே நாலு முடி, அதற்கும் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். வாட்ச்மேன் தலைத்துணியோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, தலையில எண்ணெய் வச்சிருக்கீகளா?"

"எதுக்குப்பா?"

"அவசரம்ணே, சொல்லுங்க."

அவர் துணியை அவிழ்த்தார். அழகர் கோயிலில் மொட்டை போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

(இதைப் படிக்கும் நீங்கள், 'ஏன் ஒரு பாலியஸ்டர் துணியில் தேய்த்திருக்கக் கூடாது?' என்று கேட்பீர்கள். அங்கே நின்ற வாத்தியார்களில் பாதிப் பேர் டெரிலின் சட்டைதான் போட்டிருந்தார்கள். நாள் முழுக்க டெரிலின் நூலோடு மல்லுக்கட்டியவன் நான். ஒரு நொடிகூட அது தோன்றவில்லை. பதற்றத்தில் என் புத்தி தலையை விட்டு வெளியே வரவே இல்லை. அதுவும் வழுக்கி உள்ளேயே விழுந்திருக்க வேண்டும்.)

வாசலில் முத்துப்பேச்சி மாங்காய்க் கீற்று விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வேலிக்கம்பியில் ஒரு கறுப்பு வெள்ளாடு கட்டியிருந்தது. முடி சும்மா புசுபுசுவென்று, காய்ந்து, காற்றில் பறந்துகொண்டிருந்தது. அன்று மதுரையில் நான் பார்த்த ஒரே காய்ந்த தலை அதுதான்.

"தங்கச்சி, ஒன் ஆட்டைக் கொஞ்சம் குடு. பத்து நிமிசத்துல கொண்டாந்துர்றேன்."

"எதுக்குண்ணே? கறிக்கா?"

"ஐயையோ, இல்லத்தா. சீப்பை வச்சுச் சீவணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதுக்கு எண்ணெய் கிண்ணெய் தேச்சு விட்டுருக்கியா?" என்று வேறு கேட்டேன்.

"எம் புருசனுக்கே தேச்சு விட்டதில்ல. ஆட்டுக்கு வேறயாக்கும்! கூட்டிட்டுப் போங்க. அது எதையாச்சும் தின்னுச்சுன்னா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

ஆட்டை இழுத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தேன். 'நுழைந்தோம்' என்றுதான் சொல்ல வேண்டும். பாதி தூரத்துக்கு மேல் அதுதான் என்னை இழுத்தது. பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். வசந்தி என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்க முடியவில்லை. 'அப்பா, ஏன்?' என்பது அதில் முழுதாக எழுதியிருந்தது.

"ஆட்டு முடியில தேய்ச்சா நடக்கும்த்தா" என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே சீப்பை எடுத்து ஆட்டின் முதுகில் வரட்டுவரட்டென்று இழுத்தேன். துணுக்குகளுக்கு மேலே காட்டினேன். அசையவில்லை. மறுபடி திரும்புவதற்குள் ஆடு கழுத்தை நீட்டி, தட்டிலிருந்த காகிதத் துணுக்குகள் அத்தனையையும் ஒரே வாயில் எடுத்துக்கொண்டது. நான் "ஏய், ஏய்" என்று கயிற்றை இழுத்தேன். அது அந்தப் பக்கம் திரும்பி, சேகரின் அட்டையில் ஒட்டியிருந்த புல்லைக் கடித்தது. புல்லோடு அட்டையும் கிழிந்தது. புல் போயிற்று, அதற்கு மேல் வரைந்திருந்த ஆடும் போயிற்று. புலி மட்டும் தனியாக நின்றது.

சேகர் அழ ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் சத்தம் கேட்டது.

ஹெட்மாஸ்டர் முன்னே வந்தார், கையில் வரவேற்புரை எழுதிய தாள்கள் ஐந்து. பின்னாலேயே அதிகாரி. உயரமான, கண்ணாடி போட்ட மனிதர். கூடத்துக்குள் ஓர் ஆடு நின்று மென்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது எந்த வகுப்போட மாடல்?"

ஹெட்மாஸ்டரின் முகம் கறுத்தது. ஒரு மணி நேரம் பேசுகிற ஆள் என்று சொன்னேன் அல்லவா? அன்று ஒரு சொல் வரவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். 'போச்சு, இந்தப் பிள்ளையை இனிப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்ப முடியாது' என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏழாம் வகுப்பு சார்."

யாருடைய குரல் என்று முதலில் எனக்கே தெரியவில்லை. கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்டது அந்தக் குரல்.

"ஆடு மாடல் இல்ல சார். என் தலைக்குப் பதிலா வந்திருக்கு" என்றாள் வசந்தி.

சிரிப்பு வெடித்தது. அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்! டீச்சரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"என் தலையில எண்ணெய் இருக்கு சார். முடியும் சீப்பும் நேரா உரசணும். நடுவுல எண்ணெய் நின்னா வழுக்கிட்டுப் போயிரும், உரசவே உரசாது. வீட்டுல நாங்க செஞ்சு பாத்தது எல்லாம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நான் சீயக்கா தேச்சுத் தலைக்குக் குளிப்பேன் சார். அதான் நடந்துருக்கு. இன்னைக்குப் புதன்."

வெள்ளிக்கிழமை! அத்தனை வாரம் எனக்கு விடுமுறை என்று மட்டும்தான் நான் கவனித்திருந்தேன்.

"சரி, அதான் ஆடு வந்துருச்சே. ஆட்டுக்கு ஏன் நடக்கல?" என்று கேட்டார் அதிகாரி.

வசந்தி சீப்பை எடுத்து அவரிடம் நீட்டினாள். "சீப்பு பூரா என் எண்ணெய் சார். எங்கப்பா அதையே வச்சுத் தேய்ச்சாக."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன்.

அவள் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, ஆட்டின் முதுகில் சரசரவென்று தேய்த்தாள். முதுகு முடி நாலைந்து தானாக எழுந்து ஸ்கேலை நோக்கி நீண்டது. "ஒரு தாள் வேணும் சார். எங்க காகிதத்தை ஆடு தின்னுருச்சு" என்றாள்.

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். ஹெட்மாஸ்டரின் கையிலிருந்த வரவேற்புரையிலிருந்து கடைசித் தாளை உருவிக் குட்டிக்குட்டியாகக் கிழித்துத் தட்டில் போட்டார். ஸ்கேலை அவள் மேலே காட்டியதும் 'அவர்களே', 'நன்றி', 'வருக' எல்லாம் துள்ளி எழுந்து அதில் தொங்கின.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். ஆடு மிரண்டு என் காலை மிதித்தது. வலி தெரியவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை நெல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெற்றி வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன்.

அதிகாரி சேகரின் மேசைக்குப் போய், தனியாக நின்ற புலியைப் பார்த்தார். "அழாதடா. ஒன் படத்தை ஆடே ஒத்துக்கிட்டு நிரூபிச்சிருக்கு" என்று அவன் முதுகில் தட்டினார். மூன்றில் ஒன்றாக வசந்தியையும் இன்னொன்றாக சேகரையும் எழுதிக்கொண்டார். போகும்போது என் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "தெப்பக்குளத்துக்கு ஸ்கேல் மட்டும் போதும்யா" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "மன்னிச்சிருத்தா. நீ சொன்ன மொச்சையவே வச்சிருக்கலாம்" என்றேன்.

"வச்சிருந்தா அதையும் தின்னுருக்கும்ப்பா" என்றாள். பிறகு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். வாய் ஓயவில்லை.

பஞ்சவர்ணம்தான் ரொம்ப நேரம் நம்பவில்லை. "நான் வச்ச எண்ணெயால புள்ள தோத்துருப்பாளா? எண்ணெயா கெடுத்துச்சு? ஒங்க பேச்சு கெடுத்துச்சு" என்றாள். அதில் தப்பில்லை. ஆனாலும் தெப்பக்குளத்துக் கண்காட்சியன்று எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடாமல், பிள்ளையின் பறட்டைத் தலையைப் பார்க்கப் பொறுக்காமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே ரிப்பன் கட்டிவிட்டாள். பிள்ளைக்காக ஒரு மதுரைத் தாய் செய்த அதைவிடப் பெரிய தியாகத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பள்ளியின் கண்காட்சி அறிவிப்பில் கடைசி வரியாக 'கால்நடைகளுக்கு அனுமதி இல்லை' என்று சேர்த்துவிட்டார்கள். அது யாரால் வந்த வரி என்று அங்கே புதிதாக வரும் வாத்தியார்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம்.

அன்றைக்கு வாயைத் திறந்த வசந்தி அதற்குப் பிறகு மூடவே இல்லை. ரேஷன் கடையில், டவுன் பஸ்ஸில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், எங்கே எது சரியில்லை என்றாலும் முதல் குரல் அவளுடையதுதான். ஏன், எப்படி, யார் சொன்னது என்று கேட்டுப் பதில் வாங்காமல் நகரமாட்டாள். போன பொங்கலுக்கு வந்தபோது சாப்பாட்டு இலையில் உட்கார்ந்து, ரசத்தில் மண்டி ஏன் அடியில் தங்குகிறது என்று அரை மணி நேரம் எங்கள் எல்லோரிடமும் விசாரணை நடத்தினாள். ரசம் ஆறிப்போயிற்று.

என் மருமகன் நல்ல பையன், அதிகம் பேசமாட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குக் கேட்காமல் குனிந்து சொன்னார்:

"மாமா, அன்னைக்கு அந்த ஆட்டைக் கட்டுன எடத்துலயே விட்டுருக்கலாம்ல?"